மின்வாரியம் கதிரேசன் லண்டனில் கேட்ட ஒன்ஸ்மோர்

உக்காரு தாயி, உக்காரு. மாடி போர்ஷன் வாடகைக்கு விடுறதாக் கேள்விப்பட்டேன்னு சொன்னே பாரு, அங்கதான் மாட்டிக்கிட்டே. எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது. வாசல்ல நின்னு ஒரு தடவ அண்ணாந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து நாடகம் பாக்குறவன்கிட்ட வந்து நடிக்கிறியே, கொஞ்சம் ஒத்திகை பாத்துட்டு வரக்கூடாதா?

வெக்கப்படாதே. நீ யாருன்னு உள்ள நுழையும்போதே தெரிஞ்சுபோச்சு. அறந்தாங்கி வெண்ணிலா. கூட்டுறவு பேங்க்கு. எங்கக்கா உன் போட்டோவ ஊரு பூரா வாட்ஸப்புல விட்டிருக்காக, பால்காரன்கூடப் பாத்துட்டான். எங்கக்கா மகன் இளம்பரிதிக்குப் பேசியிருக்கிற பொண்ணு. நாளைக் கழிச்சு உங்க வீட்டுக்குப் பூ வைக்க வர்றோம். அதுக்குள்ள நீயா கிளம்பி, அப்பன் ஆத்தாவுக்குத் தெரியாம, மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்கத் தாய்மாமன் வீட்டுக்கே வந்திருக்கே. தைரியந்தான். எனக்குப் பிடிச்சிருக்கு. வேற யாரும்னா தப்பா நினைப்பாக. நான் கலைஞன், நினைக்க மாட்டேன்.

சவுந்தரம்! ரெண்டு காபி!

வருவா. அடுப்படியில இருக்கா. இவகிட்ட ஒண்ணச் சொன்னா காதுல விழுந்துச்சா இல்லையான்னே தெரியாது. ஆனா காபி வந்துரும். சரி, கேளு. என்ன தெரியணும்?

ஓ. அதானா? பையனுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமான்னு தெரியணும். அம்புட்டுத்தானே? வீடியோ கால்ல பேசும்போது உன் முகத்தையே பாக்கலையா? தாயி, அது வெளிநாட்டு நெட்வொர்க்கு. அங்கன பாக்குறது ஒரு பக்கம், இங்கன தெரியுறது ஒரு பக்கம். இதுக்குப் போயி பஸ் ஏறி வந்திருக்கியே.

இல்ல, சொல்றேன், சொல்றேன். என்னைவிட்டா யாரு சொல்லுவா? போன ஆனியில மூணு வாரம் லண்டன்ல அவன் வீட்டுலயே கிடந்துட்டு வந்தவன் நான். மின்வாரியத்துல ரிட்டயர்டு ஆனதுக்கு மாமாவுக்கு என்ன வேணும்னு கேட்டான். வேட்டி சட்டை, மோதிரம்னு கேப்பேன்னு நினைச்சான் போல. டேய், லண்டன்ல பாட்டும் ஆட்டமுமா பெரிய பெரிய நாடகம் போடுறானாமே, அதை ஒருதடவ பாத்துட்டுக் கண்ணை மூடணும்டான்னேன். உடனே டிக்கெட் அனுப்பிட்டான். சவுந்தரத்துக்கும் சேத்துத்தான் அனுப்புறேன்னான். நாந்தான் வேண்டாம்னுட்டேன். அவளுக்குக் குளிர் ஒத்துக்காது. அவளைக் கேட்டீங்களான்னு கேக்காதே, ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியும்.

எங்கக்கா தெய்வானை வேற, வண்டி ஏறும்போது காதைக் கடிச்சாக. தம்பி, பய அங்க எப்படி இருக்கான், என்ன பழக்கம் வச்சிருக்கான், எவளையாவது வெள்ளக்காரியச் சேத்துவச்சிருக்கானான்னு பாத்துட்டு வாடான்னு. ஆக நான் போனது ரெண்டு வேலைக்கு. ஒண்ணு கலை. இன்னொண்ணு வேவு.

வேவு பாத்ததை முதல்ல சொல்லிர்றேன், உனக்கு அதானே வேணும். வெள்ளக்காரி வாடையே கிடையாது தாயி! வீட்டுல ஒரு பொம்பளச் செருப்பு இல்ல, ஒரு வளையல் இல்ல, பாத்ரூம்ல ஒரு பொட்டு ஒட்டியிருக்கணுமே, ம்ஹூம். டேனியல்னு ஒரு வெள்ளக்காரப் பையன், ரெண்டு பேருமாத்தான் வீடு எடுத்திருக்காங்க. என்ன குணம் அந்தப் பையனுக்கு! எனக்கு ரசம் வச்சுக் குடுத்தான். மிளகை நுணுக்கிப் போட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு. எங்கடா படிச்சேன்னேன். பரிதியப் பாத்துச் சிரிச்சான். பரிதி காலையில எந்திரிச்சதும் அவனுக்கு டீ போட்டு, துணியத் தேச்சு மாட்டிவிட்டுத்தான் தன் வேலையப் பாப்பான். ஒத்த பெட்ரூம்தான். ரெண்டு பேரும் அதுலயே படுத்துக்குவாங்க, எனக்கு ஹால்ல சோபா. லண்டன்ல வாடகை அப்படி. என்ன சிக்கனம் பாரு!

ஏன் தாயி அப்படிப் பாக்குறே? வர்றேன். அதுக்குத்தான் வர்றேன். ஒண்ணொண்ணாச் சொன்னாத்தானே புரியும்.

முதல் சனிக்கிழமை பெரிய நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கொட்டகைய நீ பாக்கணுமே! சிவப்பு வெல்வெட்டு, தங்கப் பூச்சு, தலைக்கு மேல சரவிளக்கு. மூணு அடுக்கு மாடம். எல்லாம் கோட்டும் சூட்டுமா வாயில பல் இருக்கிறதே தெரியாம உக்காந்திருக்கான். நம்ம ஊருல நாடகம்னா எப்படி இருக்கும்? கோயில் திடல்ல பாயைப் போட்டு, முறுக்கைக் கடிச்சுக்கிட்டு, பிள்ளைகளை மடியில போட்டுக்கிட்டு, பபூன் வந்தா எந்திரிச்சு உக்காருறதும், ராஜபார்ட் வசனத்தை இழுத்தா தூங்குறதுமா ஒரு உசுரு இருக்கும்ல? அங்கன தும்முறதுக்குப் பயமா இருக்கு.

கதை என்னன்னா, ஒரு பெரிய ஜவுளிக்கடை. அங்க லிஃப்ட்டு ஓட்டுறவன் ஒருத்தன். முதலாளியோட தங்கச்சிய அவன் காதலிக்கிறான். அவ மேல அஞ்சாவது மாடிக்குப் போகும்போது ஒரு பாட்டு, கீழ வரும்போது ஒரு பாட்டு. இதுக்கு மேடையில நிஜ லிஃப்ட்டையே கொண்டாந்து வச்சிருக்கான்! ஏறுது, இறங்குது, லைட்டு எரியுது. நம்மாளு ஒரு பெஞ்சைப் போட்டு அதுமேல ஏறி நின்னு இதுதான் மலைம்பான், நமக்கும் மலை தெரியும். இவங்களுக்கு லிஃப்ட்டக் காட்டுனாத்தான் லிஃப்ட்டு தெரியும் போல. கற்பனை வறட்சி. இத நான் இடைவேளையில அங்க இருந்த ஒரு வெள்ளக்காரக் கிழவிகிட்ட இங்கிலீஷ்லயே சொன்னேன். அது ஐஸ்கிரீமை எடுத்துக்கிட்டு வேற பக்கம் போயிருச்சு.

ஆனா ஒண்ணு. அந்த லிஃப்ட்டுக்காரன். அவன் பேரு எனக்கு ஞாபகம் இல்ல. என்ன தோளு, என்ன நடை! குரலைத் தூக்கி நிறுத்துறான், நெஞ்சுக்குழிக்குள்ள இறங்குது. கழுத்துப் பட்டியத் தளத்திக்கிட்டு ஒரு பாட்டு பாடுனான் பாரு, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. கலை ரசனையிலதான் சொல்றேன். கதாநாயகியும் நல்லாத்தான் பாடுச்சு. அது என்ன சேலை கட்டியிருந்துச்சு, சேலை எங்க, கவுனு, அது என்ன கலருன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

பாட்டு முடிஞ்சுச்சு. எல்லாரும் அளந்து கை தட்டுனான். எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சு நின்னேன். அடிவயித்துலேருந்து, "ஒன்ஸ்மோர்!"னேன்.

தாயி, கொட்டகை முழுக்கத் திரும்புது! மூணு மாடியும் திரும்புது! அந்த லிஃப்ட்டுக்காரனே ஒரு நிமிசம் திகைச்சுட்டான். நான் விடல. நம்ம ஊருல ஒரு ஒன்ஸ்மோருக்கா பாடுவான்? கௌரவம் பாப்பான்ல? நான் மறுபடி, "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" பரிதி என் சட்டையப் பிடிச்சு இழுக்குறான். டேனியல் முகத்தைப் பொத்திக்கிட்டுக் குலுங்குறான், அழுகுறானா சிரிக்கிறானா தெரியல. கையில டார்ச்சோட ஒரு அம்மா ஓடிவந்து என் மூஞ்சியில வெளிச்சத்த அடிச்சு, சார், தயவுசெஞ்சு உக்காருங்கங்குது. அம்மா, இது பாராட்டு, திட்டு இல்லம்மாங்குறேன். உக்காராட்டி வெளிய அனுப்பிருவோம்னுச்சு. பாட்டு நல்லா இருந்துச்சுன்னு சொன்னதுக்கு வெளிய அனுப்புற ஊரு அது. குறிச்சு வச்சுக்க.

அதோட விட்டேனா? நாடகம் முடிஞ்சு, நடிகர்கள் வெளிய வர்ற பின்வாசல்ல ரசிகருங்க நிக்கிறாங்க. நானும் போயி நின்னேன். அவன் வந்தான். வேஷம் கலைச்சு, சாதாரண பனியன்ல. கிட்டத்துல இன்னும் நல்லா இருந்தான். நல்லா நடிச்சவனுக்கு நம்ம ஊருல என்ன செய்வோம்? ரூபா நோட்டை எடுத்து நெஞ்சுல குத்துவோம். அதானே மரியாதை? நான் எங்க போனாலும் வேட்டி மடிப்புல ஒரு சேப்டி பின் இருக்கும், பேண்ட்டு போட்டா பையில இருக்கும். ஒரு கையில நோட்டு, ஒரு கையில பின்னு, நேரா அவன் நெஞ்சைப் பாத்துப் போனேன். அம்புட்டுத்தான். தடியா ஒரு காவலாளி, என் கையை முறுக்கிப் பின்னாடி கொண்டு போயிட்டான்! ஊசிய வச்சுக் குத்த வந்த பைத்தியக்காரன்னு நினைச்சுட்டான் தாயி! பரிதி கெஞ்ச, டேனியல் என்னென்னமோ எடுத்துச் சொல்ல, கடைசியில அந்த நடிகனே சிரிச்சுக்கிட்டு வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனான். அந்தக் கையை நான் அன்னிக்குக் கழுவல. அத விடு.

வழி பூரா பரிதி உர்ருன்னு வந்தான். மாமா, மானம் போச்சுன்னான். டேனியல்தான் சொன்னான், மாமா பேர்ல தப்பே இல்ல, நாமதான் தப்பான கொட்டகைக்குக் கூட்டிட்டு வந்துட்டோம், நாளைக்குச் சரியான இடத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்னு. பரிதி முகம் வெளிறிப்போச்சு. வேண்டாம்னான். அவங்களுக்குள்ள குசுகுசுன்னு பெரிய வாக்குவாதம். நான் ரயில்ல தூங்குற மாதிரிக் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே வந்தேன், ஒண்ணும் புரியல. வெள்ளக்காரன் கோபமா இங்கிலீஷ் பேசுனா புரியாது.

சவுந்தரம், காபி என்னாச்சு? ம்... வந்துருச்சு. வச்சிட்டுப் போ. இது யாருன்னு தெரியுதா? நம்ம பரிதிக்குப் பேசியிருக்கிற பொண்ணு. சரி, சரி, நிக்கணும்னா நில்லு. கதவுகிட்ட நின்னு கேக்குறது இவளுக்கு வழக்கம்.

மறுநாள் சோஹோன்னு ஒரு இடம். தெருவெல்லாம் வானவில் கொடி. ஒரு பாருக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. நான் குடிக்க மாட்டேன்னு உனக்கே தெரியும், தெரியாட்டித் தெரிஞ்சுக்க. ஆரஞ்சு ஜூஸ்தான். உள்ள பூரா ஆம்பளைங்க. கிழவன், குமரன், தொந்தி, தாடி, எல்லா ரகமும். ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கை. சில பேரு... சரி, கட்டிக்கிட்டு இருந்தாங்க. முத்தங்கூடக் குடுத்துக்கிட்டாங்க. நான் என்ன பச்சப் புள்ளையா? எந்த மாதிரி இடம்னு எனக்கு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. ஆனா தாயி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. எனக்கு அருவருப்பா இல்ல. மின்வாரியம் ஆண்டு விழா நாடகத்துக்கு மேடைக்குப் பின்னாடி வேஷம் போட உக்காந்திருப்போம் பாரு, ஒருத்தன் ஜடை பின்னிவிட, ஒருத்தன் மை தீட்டிவிட, கிண்டலும் கேலியுமா, அதே வாடை அடிச்சுச்சு. வருசாவருசம் நாந்தானே ஸ்த்ரீபார்ட், பொம்பள வேஷம். ஜூனியர் இன்ஜினியர் ராஜபார்ட். நாலு ஊருல பேசுவாக எங்க ஜோடிய. அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. அது பழைய விசயம்.

அப்ப மேடையில லைட்டு விழுந்துச்சு. மிஸ் பெட்டூனியான்னு மைக்குல கூப்பிட்டாங்க. வந்துச்சு பாரு! ஆறடி உசரம், ஊதா கவுனு, கொண்டை கூரையில இடிக்குது. ஸ்த்ரீபார்ட்டு! தாயி, நம்ம ஊரு ஸ்த்ரீபார்ட்டு! புருவத்தை மறைச்சு ஒரு இன்ச்சு மேல வரைஞ்சிருக்கான், தாடி தெரியாம ரோஸ் பவுடரை அடுக்கியிருக்கான், இடுப்புக்குப் பஞ்சு வச்சிருக்கான். இடது பக்கம் கொஞ்சம் அதிகமா வச்சிட்டான், நானா இருந்தா சரியா வச்சிருப்பேன். பாடுது, ஆடுது, நடுவுல எவனையாவது இழுத்துவச்சுக் கலாய்க்குது, நம்ம பபூன் மாதிரி. என்னைப் பாத்துச்சு. முன் வரிசையில மீசையோட உக்காந்திருக்கிற இந்த ராஜா யாருன்னு கேட்டுச்சு. ஏன், நான் ராஜா மாதிரி இல்லையா?

சில பேரு நோட்டை நீட்டுறாங்க. அது குனிஞ்சு வாங்கிக்குது. எனக்கு ரத்தம் சூடாயிருச்சு. அட, இதுதானடா நம்ம வழக்கம்! எந்திரிச்சேன். நோட்டை எடுத்தேன், பின்னை எடுத்தேன். இந்தத் தடவ எவனும் கையை முறுக்கல. தோள்ல போட்டிருந்த பட்டையில குத்துனேன். மைக்க வாங்குனேன். தமிழ்லதான் சொன்னேன், "புதுக்கோட்டை மின்வாரியம் கதிரேசன் அவர்கள், செல்வி பெட்டூனியா அவர்களின் சீரிய நடிப்பைப் பாராட்டி, தன் அன்பளிப்பைப் பொன்னாடையாக அணிவிக்கிறார்!" ஒருத்தனுக்கும் ஒரு எழுத்து புரியல. ஆனா அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு கத்துறான். பெட்டூனியா என்னை இழுத்துக் கட்டிக்கிட்டு, கண்ணுல மை கரைய நிக்குது. ஊசியக்கூட எடுக்கல, அப்படியே போட்டுக்கிச்சு.

பாடுன்னாங்க. பாடுனேன். ஸ்த்ரீபார்ட்டு குரல்ல, கையை நெளிச்சு, கண்ணை ஓட்டி, தலைவியோட விருத்தம். எத்தனையோ வருசத்துக்கு அப்புறம். முடிச்சதும் டேனியல் இருந்த மூலையிலேருந்து ஒரு குரல், "ஒன்ஸ்மோர்!" அப்புறம் கடை பூரா, ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர்! நான் கத்துக்குடுத்த வார்த்தை தாயி! மூணு தடவ பாடுனேன். என் ஜென்மத்துல நான் அப்படிச் சந்தோசமா இருந்ததே இல்ல. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அங்க ஏசி அதிகம்.

கீழ இறங்குனதும் பீட்டர்னு ஒருத்தன், என் வயசுதான் இருக்கும், ரயில் ஓட்டிட்டு ரிட்டயர்டு ஆனவன், ஆடலாமான்னு கையை நீட்டுனான். கலைஞனுக்குக் குடுக்குற மரியாதை அது. மறுக்கக் கூடாதுல்ல? ஆடுனேன். பாட்டு நின்னப்புறமும் அவன் கையை விடல. நானும் எடுக்கல, எடுத்தா மரியாதையா இருக்காது. இன்னிக்கு வரைக்கும் காலையில அவன்தான் வாட்ஸப்புல முதல்ல குட்மார்னிங் போடுவான். ரோசாப்பூ படம் போட்டு அனுப்புவான். நல்ல நட்பு. அதுக்கப்புறம் ஊருக்குத் திரும்புற வரைக்கும் சாயங்காலம் ஆனா அங்கதான். மிச்சம் புக் பண்ணியிருந்த பெரிய நாடகங்களுக்கு நான் போகவே இல்ல. அதுல கற்பனை இல்லன்னு சொன்னேன்ல.

கேள்வி மறக்கல தாயி, மறக்கல. பையனுக்கு இஷ்டமான்னு கேட்டே. சொல்லிர்றேன். நீ வெவரமான பொண்ணு, உன்கிட்ட எதுக்குக் காதுல பூ சுத்தணும்? கிளம்புறதுக்கு முந்துன நாளு பரிதி என்னைத் தனியா ஒரு பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனான். மாமா, நீங்களே பாத்துட்டீங்க, டேனியலும் நானும் அப்படித்தான், ஒண்ணா வாழுறோம், எனக்கு வேற கல்யாணம் வேண்டாம், அம்மாகிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க, உங்களாலதான் முடியும், உங்களுக்குத்தான் புரியும்னான். எனக்குத்தான் புரியும்னு ஏன் சொன்னான்னு கேக்குறியா? நான் கலை தெரிஞ்சவன், அதனால. அழுதான் தாயி. என் மடியில தலைய வச்சு, சின்னப் புள்ளையில அழுவான் பாரு, அப்படி. கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.

சொன்னேனா? எப்படிச் சொல்றது? நான் வந்து இறங்குன அன்னிக்கே எங்கக்கா ஜாதகக் கட்டோட வந்து உக்காந்திருக்காக. அவுகளுக்குப் பிரஷர் வேற. பய எப்படிடா இருக்கான்னாக. சொக்கத் தங்கம்க்கா, பொண்ணுங்க பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டான், சீக்கிரம் பொண்ணைப் பாருன்னேன். உண்மைதானே? ஒரு வார்த்தை பொய் இருக்கா அதுல?

இரு தாயி, எந்திரிக்காதே. காபி ஆறுது. நான் சொல்லவந்ததே இனிமேத்தான். இதெல்லாம் கேட்டு நீ பயந்துறக் கூடாது. கல்யாணம்னா என்ன? ஒரு வேஷம். பவுடரைப் பூசிக்கிட்டு, பாடம் பண்ணுன வசனத்தைப் பேச வேண்டியதுதான். நாலு பேரு முன்னாடி பக்கத்துல நிக்கணும், கல்யாணம் காதுகுத்துன்னா ஜோடியாப் போகணும். பையன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மாசாமாசம் வீட்டுக்குக் குடுத்துருவான். லண்டனைப் பாப்பே. வேற எவ பின்னாடியாவது போயிருவானோன்னு ஒருநாளும் வயித்துல நெருப்பக் கட்டிக்க வேண்டியது இல்ல. எந்தப் பொண்டாட்டிக்குக் கிடைக்கும் அந்த நிம்மதி? நீ குடுத்துவச்சவள்னுதான் நான் சொல்லுவேன்.

என்னது? டேனியலா? அவன் பாட்டுக்கு அவன் இருப்பான். இல்ல, போயிருவான். எங்க ஜூனியர் இன்ஜினியர் போகல? எல்லாரும் போயிருவாங்க தாயி. கொஞ்ச நாள் சோறு இறங்காது. அப்புறம் இறங்கும்.

நான் என்ன சும்மா வாய்க்கு வந்ததையா பேசுறேன்? என்னையவே பாரு. எனக்கும் இருபத்தாறு வயசுல இதே மாதிரிதான், எனக்கு வேண்டாம், நாடகம் போதும்னு நின்னேன். எங்கக்கா அரளிவிதைய அரைச்சுக்கிட்டு உக்காந்தாக. சரின்னு கழுத்தை நீட்டுனேன். கெட்டா போயிட்டேன்? எங்களுக்குள்ள ஒரு சண்டை உண்டா, ஒரு சத்தம் உண்டா? தெருவுல போயிக் கேளு, கதிரேசன் சவுந்தரம் மாதிரி ஒரு ஜோடி உண்டான்னு. பிள்ளை இல்ல, அது கடவுள் குடுக்கல, இவ சுத்தாத கோயில் இல்ல. நான் ஒண்ணும் சொன்னது கிடையாது. ஒரு வார்த்தை குத்திக்காட்டுனது கிடையாது. நான் சொன்னா நீ நம்ப மாட்டே. அவளையே கேளு. சவுந்தரம், இங்க வா. கதவுகிட்டயே நிக்காதே, முன்னாடி வா. இந்தப் பொண்ணு பயப்படுது. நீ எப்படி இருக்கே, உனக்கு என்ன குறைன்னு நீயே உன் வாயால சொல்லு.

சொல்லு. வாயில கொழுக்கட்டையா?

என்ன? சத்தமாச் சொல்லு.

கல்யாணத்தன்னிக்கு ராத்திரி நான் உனக்கு ஒரு நாடகத்தை முழுசாக் கதை சொன்னேன்னா? ஆமா, சொன்னேன். வசனம் பாட்டெல்லாம் சேத்து விடிய விடிய சொன்னேன். ரசிச்சுத்தானே கேட்டே. அதுக்கு இப்ப என்ன?

மறுநாளும் சொன்னேன். அதுக்கு மறுநாளும் சொன்னேன். சரி. இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அதைத்தான் நானும் சொல்றேன், உனக்கு ஒரு குறையும்...

ஏன் அந்தப் பொண்ணு கையைப் பிடிக்கிறே? விடு. ஏய் சவுந்தரம், அது வெளியூர்ப் பொண்ணு, அதுகிட்டப் போயி என்ன பேச்சு இது? கோயில் கோயிலாச் சுத்துனப்ப சாமிகிட்ட நீ பிள்ளை கேக்கலையா? பின்ன என்ன கேட்டே? இவரு ஒருநாளாவது கதைய நிறுத்தணும்னு கேட்டியா? இதையா கேட்டே? இந்த வயசுல இதைப் போயி ஒரு சின்னப் பொண்ணு முன்னாடி... உனக்கு வெக்கமா இல்ல? நான் உன்னை அடிச்சேனா? குடிச்சேனா? சீலைக்கு நகைக்குக் குறை வச்சேனா? ஒரு நாளு கை நீட்டியிருக்கேனா உன்மேல?

அதான் குறைங்குறியா.

தாயி, நீ அழாதே. இவ சும்மா சொல்றா. இவளுக்கு மேடை கிடைச்சதும் வசனம் வந்துருச்சு, அம்புட்டுத்தான். உக்காரு. ரெண்டு பேரும் உக்காருங்க. சவுந்தரம், நீ எதுக்குச் செருப்பத் தேடுறே? இந்த வெயில்ல எங்க? தெய்வானை அக்கா வீட்டுக்கா? நீயா? அவுக முன்னாடி நிமிந்து ஒரு வார்த்தை பேசியிருக்கியா நீ? பூ வைக்கிறது நடக்காதுன்னு நீ போயிச் சொல்லப் போறியா? பரிதிக்கு நான் குடுத்த சத்தியம்டி அது, நான் சொல்லணும், நாந்தான் சொல்லணும்... சொல்லுவேன். நல்ல நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன். அவுகளுக்குப் பிரஷரு.

சவுந்தரம். அந்தப் பொண்ணைப் பஸ் ஏத்திவிட்டுட்டு நேரா வந்துரு. அக்கா வீட்டுக்கெல்லாம் போகாதே. கேக்குதா? ஏய், கேக்குதாடி?

சவுந்தரம்! வந்துருவேல்ல? நீ இல்லாட்டி நான் பேசுறத இந்த வீட்டுல யாரு கேப்பா?